தலைத்தோலுக்குக் கீழ பலூன் வைக்கிறது: தோல் கிழியாது, வளரும்

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் இத எழுதுறன். மகளுக்கு எட்டு வயசு, மூண்டு வயசில கொதிதண்ணிக் கேத்தில் கவிண்டு வலப்பக்கக் காதுக்கு மேல உள்ளங்கை அளவுக்கு முடியே முளைக்காத தழும்பு, கிளினிக்ல டொக்டர் தோலுக்குக் கீழ பலூன் வைக்கவேணும், ரெண்டு ஒப்பரேஷன் எண்டு சொல்லிட்டார், வீட்ட வந்தா மாமி "பிள்ளையின்ர தலையில பலூனா, தோல் வெடிச்சா என்ன செய்யுறது, தொடைத்தோல எடுத்து ஒரேயடியா ஒட்டச் சொல்லு, இல்லாட்டி அப்பிடியே விடு" எண்டுறா. நீங்க கேட்டது நாலு விஷயம்: கிழியாதா, நோகுமா, முடி வருமா, பள்ளிக்கூடம் போகலாமா. நான் கொழும்பில பிளாஸ்டிக் சேர்ஜரி வார்ட்லயும் கிளினிக்லயும் 22 வருஷம் நர்ஸா நிண்டவ, இந்தப் பலூனுக்கு ஊசி போடேக்க எத்தினை பிள்ளையளின்ர கையப் பிடிச்சிருப்பன் எண்டு கணக்கில்ல. மகளப் பாத்த டொக்டர் சொல்லுறதுதான் கடைசி வார்த்தை, ஆனா கிளினிக்ல அஞ்சு நிமிஷத்தில சொல்லி முடிக்கேலாதத நான் ஆறுதலாச் சொல்லலாம்.

முதல்ல மாமியின்ர பயம். மாமிக்கு ஒரு விஷயத்த ஞாபகப்படுத்துங்க. பழைய படங்கள்ல பாம்படம், தண்டட்டி போட்ட பாட்டிமாரக் கண்டிருப்பா, காதுச்சோணை தோள்மூட்டத் தொடும். அந்தக் காது பிறக்கேக்கயே அப்பிடி நீளமா இருக்கேல்ல. சின்ன வயசில குத்தி, துவாரத்துக்குள்ள பஞ்சோ ஓலைச்சுருளோ வச்சு, கொஞ்ச நாளால அதவிடப் பெரிய சுருள், பிறகு பாரம், இப்பிடி மாசக்கணக்கா வருஷக்கணக்கா விட்டு விட்டுச் செய்ததால தோல் வளந்து குடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியாப் பாரத்தத் தொங்க விட்டிருந்தா காது அறுந்திருக்கும். டொக்டர் மகளுக்குச் செய்யப்போறதும் இதே வேலைதான், கணக்குப் போட்டு, கிருமி படாமச் செய்யிறாங்க, அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சி வயிறும் இதுதானே, ஒம்பது மாசத்தில எவ்வளவு பெருக்குது, ஆற்ற வயிறாவது வெடிச்சிருக்கா?

தோல் இழுபடுறதும் தோல் வளருறதும் ரெண்டு வேற விஷயம், இத விளங்கினா மிச்சமெல்லாம் விளங்கும். கொத்துக் கடையில பராட்டா மாவ வீசேக்க பாத்திருப்பீங்க, மா அதே மாதான், பெருக்கப் பெருக்க மெல்லிசாகி ஒரு கட்டத்தில ஓட்டை விழும். தோலுக்கும் முதல் கொஞ்ச நேரம் அப்பிடித்தான், உள்ளுக்குள்ள சுருண்டு கிடக்கிற கொலாஜன் நாரெல்லாம் இழுவைப் பக்கம் நிமிர்ந்து நேராகும், தோலுக்குள்ள இருக்கிற தண்ணி விலகும், அதால உடன ஒரு கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனா அந்த இழுவைய விடாம வச்சிருந்தா சில நாளுக்குள்ளயே உயிருள்ள தோல் வேற மாதிரி நடக்கும், கலங்கள் இழுபடுறத உணர்ந்து வழமையவிடக் கூடுதலாப் பிரிஞ்சு பெருகத் தொடங்கும், புது ரத்தக்குழாய் முளைக்கும். மேல்தோல் மெலியாது, கீழ இருக்கிற தடிப்பான தோல்தான் கொஞ்சம் மெலியும், கொழுப்பும் குறையும், பலூன எடுத்தாப் பிறகு காலப்போக்கில அது பழைய தடிப்புக்குக் கிட்ட வரும். பலூனச் சுத்தி உடம்பு தானாவே ஒரு மெல்லிய உறை கட்டும், அந்த உறை முழுக்க ரத்தக்குழாய், அதால இப்பிடிப் பெருத்த தோல நகர்த்தி வைக்கேக்க அது சாதாரணத் தோலவிட நல்லா உயிரோட இருக்கும். அந்த வளர்ச்சிக்கு நாள் வேணும். ரெண்டு ஒப்பரேஷன்தான் வைத்தியம், நடுவில உள்ள ரெண்டு மூண்டு மாசம் சும்மா காத்திருக்கிறது எண்டு எல்லாரும் நினைக்கினம். நான் சொல்லுவன், அந்த ரெண்டு மூண்டு மாசம்தான் வைத்தியமே, அதில பாதி உங்கட வீட்டிலதான் நடக்கப்போகுது.

இது இண்டைக்கு நேற்று வந்த பரிசோதனையும் இல்ல. சார்ள்ஸ் நியூமன் எண்ட அமெரிக்க சேர்ஜன் காது பாதி போன ஒருத்தருக்குத் தோலுக்குக் கீழ ரப்பர் பலூன் வச்சு, வெளிய விட்ட ரியூப்பால காத்து அடிச்சு, பெருத்த தோலால காது செய்து 1957ல எழுதினார், அப்ப ஒருத்தரும் பெரிசாக் கண்டுகொள்ளேல்ல. பிறகு 1976ல செடோமிர் ராடோவன் சிலிக்கோன் பையும் தோலுக்குக் கீழயே இருக்கிற, ஊசியால நிரப்புற வால்வுமா ஒண்ட அறிமுகப்படுத்தினார், காத்துக்குப் பதிலா சேலைன் எண்ட உப்புத்தண்ணி. அதே காலத்தில எரிக் ஓஸ்டட் எண்டவரும் தனியா இதே வழியில வேலை செய்தவர். மகளுக்கு வைக்கப்போறதும் அந்தச் சிலிக்கோன் பையின்ர பரம்பரைதான்.

இப்ப தொடைத்தோல் கதை. எரிஞ்ச உடன திறந்த புண்ண மூட அந்த ஒட்டுத்தோல் உயிர காக்கும், அதில மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா மகளுக்கு இப்ப புண் இல்ல, இருக்கிறது முடியில்லாத தழும்பு. தொடைத்தோல ஒட்டினா வழுக்கைக்குப் பதிலா வேற நிறத்தில இன்னொரு வழுக்கைதான் கிடைக்கும், தொடையிலயும் ஒரு அடையாளம். தலைமுடி உள்ள தோல் உடம்பில தலையில மட்டும்தான் இருக்கு, அதால தலையில இருந்துதான் எடுக்கவேணும், ஆனா தலைத்தோல் எல்லாருக்கும் அளவாத்தான் தச்சிருக்கு, மிச்சத் துணி இல்ல. தழும்பு ரெண்டு விரல் அகலமா இருந்திருந்தா வெட்டிட்டு ரெண்டு கரையையும் இழுத்துத் தைச்சிருப்பாங்க, இல்லாட்டி கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூண்டு தரம் வெட்டி எடுத்திருப்பாங்க. நீங்க சொன்ன அளவுக்கு அது சரிவராது. அதால பக்கத்தில இருக்கிற முடி உள்ள தோலையே பெருக்க வைக்கிறது. நிறம் அதே, முடி அதே, உணர்ச்சியும் பெரும்பாலும் அதே. இதுக்கு ஈடா வேற வழி இல்ல எண்டுதான் நான் நினைக்கிறன், முக்கியமாத் தலைக்கு.

கணக்கு எப்பிடி எண்டு சொல்லுறன், அப்பத்தான் "ஏன் இவ்வளவு பெரிசா ஊதுறாங்க" எண்டு பிறகு பயப்பிட மாட்டீங்க. தழும்பு 6 சென்ரிமீற்றர் அகலம் எண்டு வைப்பம். பலூனின்ர அடி 7 சென்ரிமீற்றர் அகலம். ஊதின பிறகு இந்தக் கரையில இருந்து மேட்டுக்கு மேலால அந்தக் கரைக்கு அளவு நாடா வச்சுப் பாத்தா 13 வரவேணும், 13ல 7 போனா 6, அதுதான் கிடைச்ச மேலதிகத் தோல். ஆனா பலூன எடுத்த உடன தோல் கொஞ்சம் சுருங்கும், தையலுக்கும் கொஞ்சம் போகும், அதால இன்னும் ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் கூட்டி 15, 16 வரைக்கும் கொண்டுபோவாங்க. பை வட்டம், நீள்சதுரம், பிறை எண்டு பல வடிவத்தில வரும், நீள்சதுரம்தான் கூடத் தோல் தரும். எந்த வடிவம், ஒண்டா ரெண்டா எண்டது டொக்டர் மகளின்ர தலையப் பாத்து முடிவெடுக்கிறது.

முதல் ஒப்பரேஷன் பெரிய விஷயமில்ல எண்டு சொல்ல மாட்டன், முழு மயக்கம் குடுக்கிறதுதானே, ஆனா அதிக நேரம் போகாது. தழும்பின்ர ஓரமா சின்னதா வெட்டி, மண்டையோட்டுக்கு மேல உள்ள தளத்தில ஒரு பை மாதிரி இடம் எடுத்து, பலூன மடிப்பில்லாம விரிச்சு வைப்பாங்க. வால்வு பலூனில இருந்து ஒரு சின்ன ரியூப்பால கொஞ்சம் தள்ளி, காதுக்குப் பின்னால மாதிரி ஒரு இடத்தில தோலுக்குக் கீழ இருக்கும். அண்டைக்கே கொஞ்சம் சேலைன் போட்டு விடுவாங்க, வெறும் இடம் இருந்தா ரத்தம் தேங்கும். பிறகு வெட்டின இடம் நல்லாக் காயுமட்டும் ரெண்டு கிழமை அளவுக்கு ஒண்டும் செய்யாம விடுவாங்க.

அதுக்குப் பிறகுதான் கிழமைக்கு ஒரு தரம் கிளினிக். இத நீங்க மனக்கண்ணில காணவேணும், அதால விவரமாச் சொல்லுறன். மகள் உங்கட மடியில இருக்கலாம். மரத்துப்போற கிரீம் பூசினா ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே பூசவேணும், அதால நேரத்தோட போங்க. நர்ஸ் ரெண்டு விரலால தடவித் தோலுக்குக் கீழ ஒரு சேட்டுப் பொத்தான் மாதிரி வால்வத் தேடுவா, கிடைச்சா ரெண்டு பக்கமும் அமத்திப் பிடிப்பா, கிருமிநாசினியால துடைச்சிட்டு வண்ணாத்திப்பூச்சிச் செட்டை வச்ச மெல்லிய ஊசியால நேராக் குத்துவா. அடியில தகடு இருக்கும், ஊசி அதில முட்டுறது விரலுக்கே தெரியும், அதுக்கப்பால போகாது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாத்து சேலைன் வந்தாச் சரியான இடம். பிறகு மெல்ல மெல்லத் தள்ளுவா, 5 மில்லி, நிப்பாட்டி மேட்டில விரல் வச்சு அமத்தி எடுப்பா, வெளிறின இடத்துக்கு ரெண்டு மூண்டு செக்கனில நிறம் திரும்பினா இன்னும் 5 மில்லி. எங்கட கறுத்தத் தோலில, அதுவும் முடிக்குள்ள, வெளிறுறது லேசில தெரியாது, தோல் கண்ணாடி மாதிரி மினுங்குதா, பிள்ளையின்ர முகம் சுருங்குதா எண்டு பாக்கவேணும். "இறுக்கமா இருக்கு" எண்டு பிள்ளை சொன்னா அங்கதான் எல்லை. கூடிப்போச்சு எண்டா அதே ஊசியால திருப்பி எடுக்கலாம். ஒரு தரத்துக்கு 15, 20 மில்லி, சிலவேளை அதவிடக் குறைவு. 250 மில்லிப் பை எண்டா, ஒப்பரேஷனில போட்டது போக, பத்துப் பன்னிரண்டு தரம் போகும்.

நோவு எண்டு பாத்தா ஊசி குத்துற கணம், பிறகு அண்டைக்கு இரவு ஒரு இறுக்கம், தலைய யாரோ துவாயால இறுக்கிக் கட்டின மாதிரி எண்டு ஒரு பொடியன் சொன்னவன், அது எனக்கு மறக்காது. வயசுக்கும் நிறைக்கும் ஏத்த அளவு பனடோல் குடுத்தாப் போதும், அடுத்த நாள் தோல் இளகிடும். நாள் போகப்போகப் பெருத்த தோலில உணர்ச்சியும் கொஞ்சம் குறையும், முதல் ரெண்டு ஊசிக்குக் கத்தின பிள்ளையள் ஆறாவது ஊசிக்குத் தாங்களே வால்வத் தொட்டுக் காட்டுவினம்.

ஒரு சம்பவம் சொல்லவேணும், சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதினதா இருக்காது. கனகாலத்துக்கு முந்தி நான் வேலை செய்த ஒரு இடத்தில ஒரு பொடியனுக்கு முதுகில தழும்பு, எல்லாம் நல்லாப் போய்க்கொண்டிருந்தது, தூரத்தில இருந்து வாறவங்க, பஸ் காசு, தகப்பனுக்கு லீவு இல்ல, "மிஸ், ரெண்டு கிழமைக்குரியத இண்டைக்கே போட்டு விடுங்கோ" எண்டு கெஞ்சினார். நாங்களும் அவையின்ர கஷ்டத்தப் பாத்து இரக்கப்பட்டுக் கூடப் போட்டம். அண்டைக்கு ஒண்டும் தெரியேல்ல. பத்து நாளால வரேக்க மேட்டின்ர உச்சியில அம்பது சத அளவுக்குத் தோல் நீலமாகி மெலிஞ்சு, உள்ளுக்க பலூன் தெரியுது. எடுத்திட்டு, புண் ஆறி, ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப முதல்ல இருந்து. ரெண்டு கிளினிக்க மிச்சம்பிடிக்கப் போய் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் அவசரத்துக்கு இணங்கினதில்ல, நீங்களும் கேக்காதீங்க, ஆராவது நல்ல மனசோட கூடப் போடப் பாத்தாலும் "பரவாயில்ல, அடுத்த கிழமையும் வாறம்" எண்டு சொல்லுங்க.

வீட்டில பாக்கவேண்டியது ஒவ்வொரு நாளும் ஒரு அஞ்சு நிமிஷம். வெளிச்சத்தில மேட்டச் சுத்திப் பாருங்க, புறங்கையால தொட்டு மற்றப் பக்கத்தோட சூட்ட ஒப்பிடுங்க. சிவப்புப் பரவுது, சுடுது, காய்ச்சல், தையல் இடத்தால நீரோ சீழோ வருது, தோல் நீலம் கறுப்பு ஆகுது, இதில ஒண்டு கண்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம அண்டைக்கே போங்க. இந்த வைத்தியத்தில பிழையாப் போறதில அதிகம் கிருமித்தொற்றும் பலூன் வெளிய தெரியவாறதும்தான், ரெண்டையும் முந்திப் பிடிச்சாக் கனக்க காப்பாத்தலாம். பலூன் திடீரெண்டு வத்திப்போச்சு எண்டா பயப்பிட வேண்டாம், உள்ளுக்க இருந்தது வெறும் சேலைன், உடம்பு அத உறிஞ்சிக்கொள்ளும், ஆனா பலூன மாத்தவேண்டி வரும். தலைக்குக் குளிக்கலாம், காயம் காஞ்சதுக்குப் பிறகு டொக்டர் சரி எண்டவுடன குழந்தைச் சம்பூ போட்டு மெல்லமாக் கழுவுங்க, கொழும்பு வெயிலுக்கும் வேர்வைக்கும் கழுவாம விடுறதுதான் கூடாது, கடிக்கத் தொடங்கி நகத்தால சொறிஞ்சா அதுவே கிருமிக்கு வாசல். நகத்த வெட்டி விடுங்க. மஞ்சள், கற்றாழை, பாட்டி வைத்தியம் ஒண்டையும் தையலில பூச வேண்டாம். அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்காம ஒரு தலகாணிய அணைச்சு வைங்க.

முடி. புது முடிவேர் உண்டாகாது, இத வடிவா விளங்கிக்கொள்ளுங்க. இருக்கிற வேர்கள் ஒண்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனா தலைத்தோல ரெண்டு மடங்கு வரைக்கும் பெருக்கினாலும் கண்ணுக்கு ஐதாத் தெரியாது, தலையின்ர பாதி வழுக்கையக் கூட இந்த முறையால மூடலாம். சிலருக்கு இழுவையால முடி கொட்டும், மாமி அப்ப நான் சொன்னன்தானே எண்டு தொடங்குவா, மூண்டு நாலு மாசத்தில அது திரும்பி வரும். சின்னப் பிள்ளையளுக்குப் பலூன் அமத்தின இடத்தில மண்டையோடு கொஞ்சம் பள்ளமாத் தெரியலாம், அதுவும் மாசங்களில தானா நிரம்பும்.

ரெண்டாவது ஒப்பரேஷன்ல பலூன எடுத்து, தழும்ப வெட்டி எறிஞ்சு, பெருத்த தோல அந்த இடத்துக்கு நகர்த்தித் தைப்பாங்க, ரத்தம் தேங்காம ஒண்டு ரெண்டு நாள் ரியூப் இருக்கும். கடைசியில மிஞ்சுறது ஒரு கோடு, முடிக்குள்ள மறைஞ்சிடும். ஒரு தரத்தில முழுசா மூடாட்டி அதே தோல இன்னொருக்காப் பெருக்கலாம், அது தோல்வி இல்ல, பெரிய தழும்புகளுக்கு முதலே அப்பிடித்தான் திட்டம் போடுவாங்க.

தலை எண்டபடியா நான் இவ்வளவு தைரியமா எழுதுறன், காலுக்கு எண்டு கேட்டிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பன், முழங்காலுக்குக் கீழ ரத்தோட்டம் குறைவு, பிழையாப் போறது அதிகம். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வைக்கிற பலூனும் இதே இனம்தான், ஆனா ரேடியேஷன் பட்ட தோல் இப்பிடி லேசில வளந்து குடுக்காது. சில பலூன்களின்ர வால்வில காந்தம் இருக்கும், அதால நடுவில எதுக்காவது எம்.ஆர்.ஐ. எண்டு ஆராவது சொன்னா தலையில பலூன் இருக்கு எண்டத முதல்ல சொல்லுங்க.

பள்ளிக்கூடத்தப் பற்றி. போகலாம், ஆனா முதல் மாசம்தான் லேசு, கடைசி மூண்டு நாலு கிழமை தலையில ஒரு பெரிய மாங்காய் அளவுக்கு மேடு நிக்கும், நான் மறைக்க விரும்பேல்ல. சில வீட்டில அந்தக் கடைசிக் காலம் ஓகஸ்ட் லீவோட, டிசம்பர் லீவோட சேர்ற மாதிரி டொக்டரோட கதைச்சு நாள் எடுத்தவங்க, அது நல்ல யோசனை. வகுப்பு ரீச்சருக்கு முன்கூட்டியே சொல்லி, ஓட்டம், பந்து, நெரிசலான வான் இதுகளத் தவிர்க்கச் சொல்லுங்க. தளர்வான பருத்தித் தொப்பியோ லேஸ் துணியோ போடலாம், இறுக்கமான ரப்பர் பட்டி கூடாது. மகளுக்கே நடக்கப்போறத முன்னுக்கே சொல்லுங்க, அவவுக்கு விளங்கும். கண்ணாடியில திடீரெண்டு கண்டு பயப்பிடுறதவிட "இந்தக் கிழமை எவ்வளவு வளந்திருக்கு எண்டு அளப்பம்" எண்டு அளவு நாடாவ அவவின்ர கையில குடுத்தாப் பிள்ளையள் அத வேற விதமா எடுப்பினம், நான் கண்ணால கண்டிருக்கிறன்.

இன்னொண்டு, நீங்க நேராக் கேக்கேல்ல, ஆனா உங்கட எழுத்தில தெரியுது. கேத்தில அடுப்புக் கரையில வச்சது நான்தானே எண்டு எழுதியிருக்கிறீங்க. தங்கச்சி, எங்கட வார்ட் முழுக்க அந்த அம்மாமார்தான், கொதிதண்ணி, சோத்துக் கஞ்சி, கரண்ட் இல்லாத வீடுகளில கவிண்ட குப்பி விளக்கு. அந்தக் குப்பி விளக்காலதான் இந்த நாட்டில எத்தினை பேர் எரிஞ்சது, விஜய கொடகும்புர எண்ட சேர்ஜன் இந்தக் காயங்களப் பாத்துத்தான் கட்டையா, பாரமா, தட்டையான பக்கங்களோட, விழுந்தாலும் உருளாத, திருகு மூடி வச்ச ஒரு விளக்கச் செய்து நாடு முழுக்கக் குடுத்தவர், 1998ல அதுக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைச்சது. ஒரு சேர்ஜனே சாமானத்தத்தான் மாத்தினவர், தாய்மாரக் குற்றம் சொல்லேல்ல. நீங்களும் உங்களக் குற்றம் சொல்லாதீங்க.

அடுத்த கிளினிக்குக்குப் போக முந்தி மகளுக்குப் பேன் இருக்கா எண்டு சீப்பால வாரிப் பாருங்க. பேன், ஈர், தலையில சிரங்கு, பல்லில சீழ், எது இருந்தாலும் ஒப்பரேஷன தள்ளிப் போடுவாங்க, தள்ளத்தான் வேணும். இப்பவே மருந்து போட்டா நாள் குடுக்கேக்க தலை சுத்தமா இருக்கும். வீட்டில ஆருக்கும் பேன் இருந்தா எல்லாருக்கும் ஒரே நாளில போடுங்க, மாமிக்கும் சேத்து.